பாத்திஹாப் பட்டியலில் இல்லாத பெயர்

எங்கள் வீட்டில் ஒரு வமிசப் பட்டியல் உண்டு. நாகூரில் எங்கள் தெருவில் அப்படியொரு பட்டியல் இல்லாத மரக்காயர் வீடு குறைவு. என் வாப்பா அதைப் பழைய கணக்குப் பேரேடு ஒன்றின் கடைசித் தாள்களில் எழுதி வைத்திருந்தார்கள். வாப்பாவுக்கு வாப்பா, அவருக்கு வாப்பா என்று ஏழு தலைமுறை ஏறும். உச்சியில் இருப்பவர் அரபு நாட்டிலிருந்து மரக்கலத்தில் வந்தவர் என்ற குறிப்பும் இருக்கும். அக்குறிப்புக்கு ஆதாரம் என்ன என்று ஒரு முறை கேட்டேன். "பெரியவர்கள் சொல்லக் கேள்வி" என்றார்கள். சிறு வயதில் எனக்கு அது போதுமானதாக இருந்தது.

2018ஆம் ஆண்டில் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு நான் பினாங்குக்குச் சென்றேன். என் மகளும் மருமகனும் அப்போது அங்கே இருந்தனர். பேரப்பிள்ளையைப் பார்க்கச் சென்றேன் என்பதுதான் உண்மை. ஆயினும் உள்ளத்தில் வேறொரு நினைப்பும் இருந்தது. என் பாட்டனாரின் வாப்பா, அதாவது என் பூட்டனார், துணி வாணிபத்தின் பொருட்டுப் பினாங்குக்குச் சென்று வந்துகொண்டிருந்தவர். 1919இல் கடைசியாகக் கப்பலேறியவர் ஊர் திரும்பவேயில்லை. அப்போது என் பாட்டனார் தாய் வயிற்றில் மூன்று மாதச் சிசு.

"கடலோடு போய்விட்டார்" என்பதே வீட்டில் வழங்கிய பேச்சு. அதை யாரும் ஐயுற்றதில்லை. அந்தத் தலைமுறையினருக்குக் கடல் என்பது அச்சந்தரும் சொல்லாகவே இருந்திருக்க வேண்டும். 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் சென்னையைக் குண்டு வீசித் தாக்கியது. அடுத்த மாதமே அது பினாங்குத் துறைமுகத்திற்குள் நுழைந்து ருஷ்யப் போர்க்கப்பல் ஒன்றை மூழ்கடித்தது. நாகூர்ப் பெண்களுக்கு அந்த இரு செய்திகளும் தம் வீட்டுச் செய்திகள். ஒரு கரையில் தாம் இருந்தனர். மறு கரையில் தம் கணவன்மார் இருந்தனர். ஆகவே, போனவர் வரவில்லை என்றால் கடல்தான் கொண்டுபோயிற்று என்று நம்புவது எளிது.

ஆனால் ஒரு செய்தி மட்டும் அந்தப் பேச்சோடு ஒட்டாமல் நின்றது. பூட்டியார் 1944இல் மௌத்தானார்கள். அவர்களைக் குளிப்பாட்டியபோது கழுத்திலிருந்த கருகமணியைக் கத்தரித்து எடுத்ததாக என் பாட்டியார் சொல்லியிருக்கிறார்கள். கணவனை இழந்த பெண் கருகமணியைக் கழற்றிவிடுவது நம் வழக்கமல்லவா? இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கடலோடு போனவரின் மனைவி கழுத்தில் அது ஏன் இருந்தது? "கிழவிக்குப் பிடிவாதம்" என்று சொல்லி எங்கள் வீட்டார் அதைக் கடந்துவிட்டனர். நானும் கடந்துவிட்டேன்.

பினாங்கில் குடிவழி ஆராய்ச்சிக்கென்றே ஒரு சிறு சங்கம் இருப்பதாக மருமகன் சொன்னார். சங்கம் என்றதும் பெரிய கட்டடத்தை எண்ணிக்கொள்ள வேண்டாம். பழைய கடைவீடு ஒன்றின் மாடி. ஏறினால் முனகும் மரப்படி. நீண்ட மேசை ஒன்று. சுவரோரமாக இரும்பு அலமாரிகள். சனிக்கிழமை பிற்பகல்களில் கூடுவார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழ் முஸ்லிம், தமிழ் இந்து என எல்லாரும் கலந்திருந்தனர். பெரும்பாலார் பணி ஓய்வு பெற்றவர்கள். ஒருவர் கபுறுஸ்தான்களில் மீஸான் கற்களின் எழுத்துகளைப் படியெடுப்பவர். இன்னொருவர் பழைய செய்தித்தாள்களைப் பார்ப்பவர். மூன்றாமவர் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற சீனர். எந்த ஆண்டின் உயில் கட்டு எந்த அறையில் இருக்கும் என்பதை நம் வீட்டு அஞ்சறைப்பெட்டி போல அறிந்தவர். இவர்கள் எவரும் கூலி வாங்குவதில்லை. விளம்பரமும் விரும்புவதில்லை, ஆகையால் சங்கத்தின் பெயரையும் நான் எழுதவில்லை.

அது ரமலான் மாதம். எங்களுள் நோன்பாளிகள் இருந்ததால் சீனப் பெரியவர் தம் தேநீர்க் குப்பியை மாடிப்படிக்கு வெளியே வைத்துவிட்டு வருவார். மூன்று சனிக்கிழமையும் அப்படியே செய்தார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, மற்றவர்களும் பேசவில்லை.

சங்கத்தின் செயலாளர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 'ஜாவிப் பெக்கான்' என்று அங்கே அழைக்கப்படும் வகுப்பினர். நம் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் அங்குள்ள மலாய்ப் பெண்களை மணந்து உண்டான மரபினர் அவர்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. 'மாமா', 'அத்தா' போன்ற சில உறவுச் சொற்கள் மட்டும் நாவில் எஞ்சியிருந்தன. நம்மவர் நடத்தும் உணவுக்கடைகளை அந்நாடு முழுவதும் 'மாமாக்' கடை என்றே சொல்கிறார்கள். நம்முடைய மாமா என்ற சொல்தான் அது. தம் பூட்டனாரின் ஊர் காரைக்காலா பரங்கிப்பேட்டையா என்று அவர் பல ஆண்டுகளாகத் தேடிவருகிறார். மற்றவர்களுக்குத் தேடிக் கொடுத்துக்கொண்டே இருப்பதால் தமக்குத் தேட நேரமில்லை என்று சிரித்தார்.

முதல் நாள் என்னை உட்கார வைத்து மருமகன் வாயிலாக ஒரு கேள்வி கேட்டார். "நீங்கள் நசபைத் தேடி வந்தீர்களா, பங்கைத் தேடி வந்தீர்களா?"

எனக்குச் சற்றுக் கோபம் வந்தது. நான் பங்குக்கு வரவில்லை என்றேன். அவர் பொறுமையாக விளக்கினார். பினாங்கில் வக்ஃபு நிலங்களும் பழைய மனைகளும் பெருமதிப்பு உடையவை. ஆகவே, திடீரென்று பாட்டனாரை நினைத்துக்கொண்டு வருபவர்கள் பலர். வழக்காடுவோருக்குச் சங்கம் உதவுவதில்லை. மேலும் ஒரு விதி உண்டு. கண்டெடுப்பது எதுவானாலும் அதன் படி சங்கத்தின் அலமாரியில் இருக்கும். அந்தக் குடும்பத்தின் எந்தக் கிளையினர் வந்து கேட்டாலும் காட்டப்படும். நமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறைக்க முடியாது. நான் தலையசைத்தேன். அந்த விதியின் கனம் அப்போது எனக்குத் தெரியவில்லை.

பின்பு அவர் ஒரு பெரிய தாளைக் கொடுத்தார். ஒவ்வோர் ஆணின் பெயருக்கும் அருகே இரண்டு கட்டங்கள்: ஒன்று தாயின் பெயருக்கு, மற்றொன்று மனைவியின் பெயருக்கு. நான் வாப்பாவின் பட்டியலைப் பார்த்து ஏழு தலைமுறையையும் அழகாக நிரப்பினேன். பெண்களின் கட்டங்களில் என் உம்மாவின் பெயரும் பாட்டியாரின் பெயரும் வந்தன. அதற்கு மேல் ஒரு பெயரும் எனக்குத் தெரியவில்லை.

ஆசிரியர் தாளைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "இது பாதிக் குடும்பம்" என்றார்.

தேடுவதற்கு ஆண்களின் பெயர்களே போதாதா என்று கேட்டேன். போதாது என்றார். அவர் சொன்ன காரணம் எனக்குப் புதியது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. மகன் பெயரோடு வாப்பாவின் பெயர் சேரும். அதிலும் பாட்டனாரின் பெயரே பேரனுக்கு வரும். ஒரே தெருவில் ஒரே பெயருடையவர் ஐவர் இருப்பர். போதாக்குறைக்கு ஆங்கிலேய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினர். முகைதீன் ஒரு தாளில் மொய்தீன், அடுத்த தாளில் மைதீன், மற்றொன்றில் மைடின். மரக்காயர் என்பது மரிக்கான் ஆகி, மெரிக்கான் ஆகி, இன்று அந்நாட்டில் பெருமைக்குரிய குடும்பப் பெயராகவே நிலைத்துவிட்டது. இத்தனைக் குழப்பத்தில் இவர்தாம் அவர் என்று அறிய, மனைவி இன்னார், அவள் வாப்பா இன்னார் என்ற சான்று வேண்டும். பெண்ணின் பெயர்தான் ஆணை அடையாளம் காட்டும் என்றார். நம் வமிசப் பட்டியல்களை எழுதிய பெரியவர்களுக்கு இது தோன்றவில்லை.

இங்கே பினாங்கைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1786இல் பிரான்சிஸ் லைட் அத்தீவை ஆங்கிலக் கும்பினிக்காகக் கைக்கொண்டபின் விரைவிலேயே நம் கரையோர முஸ்லிம்கள் அங்கே கடை வைத்துவிட்டனர். சூலியர் என்று அவர்களை அழைத்தனர். அவர்கள் ஆயிரம் பேர் அளவில் இருப்பதாகவும், ஆண்டுதோறும் நம் கரையிலிருந்து வரும் கப்பல்கள் 1300 முதல் 2000 ஆட்களைக் கொண்டுவந்து இறக்குவதாகவும் 1794இலேயே லைட் எழுதினார். வந்தவர் பெரும்பாலும் ஆண்கள். ஈட்டித் திரும்பும் எண்ணத்தோடு வந்தவர்கள். 1801இல் கும்பினி கொடுத்த நிலத்தில் எழுந்தது கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். அதற்கு அருகே நாகூர் ஆண்டகை அவர்களின் பெயரால் ஒரு தர்காவும் இருக்கிறது. நம் ஊர் மினாராவின் நிழல் அங்கே கிடப்பது போல் எனக்குத் தோன்றியது. பள்ளிவாசலில் லுஹர் தொழுதுவிட்டு வெளியே வந்து நின்றேன். என் பூட்டனாரும் இந்தப் படிகளில் செருப்பைக் கழற்றியிருப்பார் அல்லவா?

வெறுமையாய் நின்ற கட்டத்தை நிரப்ப வேண்டி, ஊரிலிருந்த என் மனைவியிடம் தொலைபேசியில் கேட்டேன். உறவு முழுவதும் விசாரித்தாள். எவருக்கும் பூட்டியாரின் பெயர் தெரியவில்லை. வாப்பாவுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது இறந்தவர்கள் அவர்கள். வாப்பா இருந்தபோது நான் கேட்டதில்லை. பாட்டியாருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும், அவர்களிடமும் கேட்டதில்லை. ஏழு தலைமுறை ஆண்களை ஒப்புவித்துப் பெருமைப்பட்ட எனக்கு, என் பாட்டனாரைச் சுமந்து பெற்றவரின் பெயர் தெரியவில்லை என்பது ஐம்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது.

பிறகு என் மனைவிக்குப் பரணிலிருந்த பாத்திஹாப் புத்தகம் நினைவுக்கு வந்தது. நம் வீடுகளில் பராஅத் இரவிலும் வேறு சில நாட்களிலும் மர்ஹூம்களின் பெயர்களைச் சொல்லிப் பாத்திஹா ஓதுவோம் அல்லவா? அந்தப் பெயர்களை என் பாட்டியார் ஒரு சிறு புத்தகத்தில் அரபுத்தமிழில் எழுதி வைத்திருந்தார்கள். அதன் தாள்களைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினாள். எனக்குப் படிக்க வரவில்லை. நான் ஓதக் கற்றது ஜபர், ஜேர், பேஷ் இட்ட எழுத்து. பாட்டியாரின் கையெழுத்தில் அக்குறிகள் எவையும் இல்லை. தமக்கு மட்டும் எழுதிக்கொண்டவர்கள் குறி எதற்கு இடப்போகிறார்கள்?

ஆசிரியர் படங்களை வாங்கிப் பார்த்தார். மலாய் மொழியை அரபு எழுத்தில் எழுதும் ஜாவி முறையில் அவர் ஆயுள் முழுவதும் பழகியவர். ஜாவியிலும் குறிகள் இரா. அவர் ஓர் எழுத்துக் கூட்டத்தைப் பார்த்து ஒலிப்பார். பொருள் அவருக்குத் தெரியாது. நான் அந்த ஒலியைக் கேட்டு இது இன்ன பெயர் என்பேன். எழுத்து எனக்குத் தெரியாது. அரபுத்தமிழுக்கென்றே உள்ள புள்ளி எழுத்துகள் வரும்போது அவர் திணறுவார். நான் ஊகித்துச் சொல்வேன். எழுத்தை அவரும் மொழியை நானுமாகச் சேர்ந்து, அஸர் வரையில் நாற்பத்து மூன்று பெயர்களைப் படித்தோம்.

பெரிய பூட்டனார், அதாவது பூட்டனாரின் அண்ணன், இருந்தார். அவருடைய மனைவி இருந்தார். என் பாட்டனார் இருந்தார். பிள்ளைப் பருவத்தில் இறந்த சிறார்கூட இருந்தனர். பூட்டியார் இருக்க வேண்டிய இடத்தில் 'மாமி' என்று மட்டுமே இருந்தது. மருமகள் மாமியாரின் பெயரைச் சொல்வது மரியாதையன்று; எழுதுவதும் மரியாதையன்று என்று பாட்டியார் கருதியிருக்கிறார்கள். அந்த மரியாதையில் பெயர் மறைந்துபோயிற்று.

அதைவிட என்னைத் திகைக்க வைத்தது மற்றொன்று. கடலோடு போன பூட்டனாரின் பெயர் பட்டியலில் இல்லை. இரண்டு முறை பார்த்தோம், இல்லை. இறந்தவர்களின் பட்டியலில் இறந்தவர் இல்லையென்றால், பட்டியலைச் சொல்லிக் கொடுத்தவர் அவரை இறந்தவராக எண்ணவில்லை என்பதுதானே பொருள்? 1940இல் மருமகளாக வந்த பாட்டியாருக்குப் பழைய பெயர்களைச் சொல்லிக் கொடுத்தவர் பூட்டியாராகத்தான் இருக்க வேண்டும். கருகமணியின் நினைவு அப்போதுதான் எனக்கு வந்தது.

அடுத்த சனிக்கிழமை செய்தித்தாள் பார்ப்பவர் ஒரு தாளோடு காத்திருந்தார். பினாங்கில் வெளிவந்த பழைய ஆங்கில இதழ்கள் பலவற்றைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் கணிப்பொறியில் ஏற்றி எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. ஆள் பெயரைக் கொண்டு தேடினால் இருபது வகை எழுத்துக்கூட்டலில் மாட்டிக்கொள்வோம் என்பதால் அவர் ஊர்ப்பெயரைக் கொண்டு தேடினாராம். ஆள் பெயரைச் சிதைத்த எழுத்தர்கள் நாகூர் என்ற பெயரைப் பெரும்பாலும் ஒரே விதமாகவே எழுதினார்கள். 1932ஆம் ஆண்டு விளம்பரம் ஒன்று. நாகூரைச் சேர்ந்தவரும் பினாங்கில் துணி வாணிபம் செய்தவருமான இன்னார் இறந்துவிட்டபடியால், அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் இன்ன தேதிக்குள் கணக்கைச் சமர்ப்பிக்க வேண்டும் என்ற நான்கு வரி.

என் பூட்டனார் கடலில் இறக்கவில்லை. பினாங்கில் வாழ்ந்து, பினாங்கிலேயே இறந்திருக்கிறார்.

ஆனால் இவர்தாம் அவரா என்ற கேள்வி இன்னும் இருந்தது. அதற்குச் சீனப் பெரியவர் துணை நின்றார். வாரிசு என்ற முறையில் என்னிடம் மனு எழுதி வாங்கினார். எங்கே கொடுக்க வேண்டுமோ அங்கே கொடுத்தார். நோன்புப் பெருநாளுக்கு முந்தின வாரம் சொத்துக் கட்டின் படி கைக்கு வந்தது. முப்பது தாள்கள் இருக்கும். மாடியில் மேசைமேல் பரப்பி வைத்து, ஆங்கிலம் நன்கறிந்த மருமகன் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார்.

பூட்டனாருக்குப் பினாங்கில் ஒரு மனைவியும் ஒரு மகனும் இரண்டு பெண்மக்களும் இருந்தனர். நாகூரில் ஒரு மனைவியும் ஒரு மகனும். தம் சொத்தை மார்க்க முறைப்படி பங்கிட வேண்டும் என்றும், நாகூர்க் குடும்பத்தை விட்டுவிடலாகாது என்றும் அவரே எழுதி வைத்திருந்தார். கணக்கு ஒரு தனித்தாளில் இருந்தது. முழுச் சொத்தும் 48 பங்கு. மனைவியர் இருவருக்கும் எட்டில் ஒன்று, ஆளுக்கு 3. மகன்கள் இருவருக்கும் ஆளுக்கு 14. பெண்மக்கள் இருவருக்கும் ஆளுக்கு 7. ஆக நாகூருக்கு 17 பங்கு, மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல். ஆண் மகன் இருக்கையில் அண்ணனுக்கு அதில் பங்கில்லை. கணக்கிலும் அவர் பெயர் இல்லை.

அண்ணன் பெயர் வேறொரு தாளில் இருந்தது. நாகூர் மனைவிக்கும் பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கும் உரிய தொகையைப் பெற்றுக்கொள்ள அவரை முக்தியாராக நியமித்த பத்திரம் அது. முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. அதன் அடியில் பூட்டியாரின் பெயரும் அவர்களுடைய வாப்பாவின் பெயரும் எழுதப்பட்டிருந்தன. பெயருக்கு அருகே 'விதவை' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். அதற்கு அருகே இடது பெருவிரல் ரேகை.

அப்பெயரை மருமகன் வாய்விட்டுப் படித்தபோது நான் உடனே எதுவும் சொல்லவில்லை. ஆசிரியர் என் பழைய தாளை அலமாரியிலிருந்து எடுத்து வந்து, வெறுமையாய் இருந்த கட்டத்தை என் பக்கம் திருப்பி வைத்து, பேனாவையும் கொடுத்தார். எழுதினேன்.

பிறகுதான் மற்றது விளங்கத் தொடங்கிற்று. பூட்டியார் குர்ஆன் ஓதத் தெரிந்தவர்கள். அரபுத்தமிழில் கடிதம் எழுதத் தெரிந்தவர்கள் என்று பாட்டியார் சொல்லியிருக்கிறார்கள். தாம் கையெழுத்திடுவது இன்ன தாள் என்று அறிந்திருந்தால் ரேகை வைத்திருக்கமாட்டார்கள், பெயரையே எழுதியிருப்பார்கள். என்ன சொல்லி வைக்கச் சொன்னார்களோ! வீட்டு வரி என்றார்களோ, நிலத் தீர்வை என்றார்களோ! 'விதவை' என்ற சொல்லின் அருகே விரலை வைத்தவருக்குத் தாம் விதவை என்பது தெரியாது. கணவன் இறந்த செய்தி வந்தால் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருப்பது ஒரு முஸ்லிம் பெண்ணின் கடமை. அது அவளுடைய துக்கத்திற்கு மார்க்கம் கொடுத்த உரிமையுங்கூட. பூட்டியாருக்கு அந்த நான்கு மாதம் கிடைக்கவில்லை. இறந்தவருக்கு ஒரு பாத்திஹா ஓதவும் வழியில்லை. செய்தியைச் சொன்னால் பணத்தைச் சொல்ல வேண்டும். ஆகவே செய்தியே சொல்லப்படவில்லை. 1944 வரையில், தம் மௌத்து வரையில், பினாங்கிலிருந்து வருபவர்களை அவர்கள் விசாரித்துக்கொண்டிருந்திருப்பார்கள். கடலோடு போய்விட்டார் என்ற பேச்சு அதற்குப் பின்னர்தான் எழுந்திருக்க வேண்டும்.

தொகை 1933இல் பெற்றுக்கொள்ளப்பட்டதற்கு ரசீது இருந்தது. அதே ஆண்டில்தான் பெரிய பூட்டனார் எங்கள் தெருவின் பெரிய வீட்டுக்கு மனை வாங்கினார். தேக்குத் தூண்களும் நடுமுற்றமும் உடைய அந்த வீட்டை அவருடைய வாணிபத் திறமைக்கு அடையாளமாக நாங்கள் எல்லாரும் சொல்லி வளர்ந்தோம்.

நான் நீதிபதியல்லன். பெரிய பூட்டனாருக்காகவும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். அது பெருமந்தத்தின் காலம். மலாயாவில் ரப்பர் விலை வீழ்ந்து, தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். நம் கரையிலும் கடைகள் நொடித்தன. தம்பி மனைவியையும் மகனையும் அவர் கைவிடவில்லை. தம் வீட்டிலேயே வைத்துச் சோறு போட்டார். என் பாட்டனாரை ஓத வைத்தார். நிக்காஹ் செய்து வைத்தார். அது அநாதையின் சொந்தப் பணத்திலேயே செய்யப்பட்டது என்பதுதான் வேதனை. அதுபோல என் பூட்டனாரையும் குற்றமற்றவர் என்று நான் சொல்லவில்லை. பன்னிரண்டு ஆண்டு ஊர்ப்பக்கம் வராமல், இறந்தபின் பங்கு போய்ச் சேர்ந்தால் போதும் என்று எண்ணியவர் அவர். பங்கைக் கணக்கிட 48 என்ற எண் உதவுகிறது. மற்றதைக் கணக்கிட எந்த எண் உதவும்?

கபுறு கிடைத்தது. மீஸான் படியெடுப்பவரின் குறிப்பில் அது முன்பே இருந்தது. எந்த நாகூரார் என்பதுதான் தெரியாமல் இருந்தது. அந்நாட்டு வழக்கப்படி ஆண்களின் கபுறுக்கு உருண்டைக் கல்லும் பெண்களின் கபுறுக்குத் தட்டைக் கல்லும் நடுவார்கள். உருண்டைக் கல்லில் ஜாவி எழுத்தில் பெயர், நாகூர், ஹிஜ்ரி 1350 ரஜப் மாதம். ஆங்கிலக் கணக்கில் 1931இன் நவம்பர், டிசம்பர். அருகே தட்டைக் கல் ஒன்று, அவருடைய பினாங்கு மனைவியினுடையது. பாத்திஹா ஓதினேன்.

அந்த வழிப் பேத்தி ஒருவர் எண்பது வயதுக்கு மேல் இருக்கிறார் என்று சங்கத்தார் சொல்லி அழைத்துச் சென்றனர். மலாய் மட்டுமே பேசுகிறார். என்னைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது, "ஏன் நீங்கள் எங்களுக்குக் கடிதமே எழுதவில்லை?" என்பதுதான். பணம் சேர்ந்ததற்கு ரசீது வந்ததாம். ஒரு வரிக் கடிதங்கூட வரவில்லையாம். இரண்டாம் மனைவியின் மக்கள் என்று நாகூரார் தங்களை வெறுத்துவிட்டனர் என்று அவருடைய உம்மா இறக்கும் வரையில் வருந்தினாராம். உங்கள் இருப்பே எங்களுக்குத் தெரியாது என்று சொன்னேன். அவர் நம்பினாரா என்று சொல்ல முடியவில்லை. புறப்படும்போது என் தலையில் கை வைத்து ஓதினார்.

நாகூர் திரும்பியபின் இரண்டு மாதம் வரையில் அந்தக் கட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தேன். பெரிய வீட்டில் இப்போது இருப்பவர் பெரிய பூட்டனாரின் கொள்ளுப்பேரர். எனக்கு நானா முறை. என் வாப்பா மௌத்தானபோது எங்கள் வீட்டுக்குத் தூணாக நின்றவர். அவரிடம் இதை எப்படிக் காட்டுவது? காட்டாமல் விட்டால் நானும் அந்த ரேகையை மறைத்தவனாவேன். தவிர, சங்கத்தின் அலமாரியில் ஒரு படி இருக்கிறது. நானாவின் பேரப்பிள்ளை ஒரு நாள் பினாங்குக்குப் போய்க் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அவன் வெளியாரிடமிருந்து அறிவதைவிட நானா என்னிடமிருந்து அறிவது நல்லது என்று முடிவு செய்தேன்.

ஓர் இரவு இஷாவுக்குப் பின் கொண்டுபோய்க் கொடுத்தேன். எதையும் சொல்லவில்லை, தமிழில் எழுதிய சுருக்கத்தை மேலே வைத்திருந்தேன். நானா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். ரேகை இருந்த தாளை விளக்கடியில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "நீ போ தம்பி" என்றார். அவ்வளவுதான். மூன்று நாள் பள்ளிவாசலில் என்னைக் கண்டும் காணாதவர் போல் இருந்தார். நான் செய்தது தவறோ என்று அந்த மூன்று நாளும் எனக்கு உறக்கமில்லை.

நான்காம் நாள் மஃரிபுக்குப் பின் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் வேண்டாம் நானா என்றேன். "எனக்குத் தெரியும். ஆனால் கேட்பது என் கடமை" என்றார். பின்பு, பினாங்கிலுள்ளவர்களுக்குக் கடிதம் எழுத வேண்டும், யாரைக் கொண்டு மலாயில் எழுதுவது என்று கேட்டார். இந்தக் கட்டுரையை எழுதட்டுமா என்று நான் கேட்டது அதற்குப் பல மாதங்களுக்குப் பின்னர். "எழுது. இப்படி எத்தனை வீடுகளோ! ஊர் பெயர் இருக்கட்டும். ஆட்களின் பெயரை எழுதாதே" என்றார். அவர் சொற்படியே செய்திருக்கிறேன்.

அடுத்த பராஅத் இரவில் பெரிய வீட்டின் முற்றத்தில் பாத்திஹா. வழக்கமாக எங்கள் வீட்டில் ஓதுவதை அவ்வாண்டு தம் வீட்டில் ஓத வேண்டும் என்று நானா சொல்லிவிட்டார். பாட்டியாரின் புத்தகத்தைக் கேட்டு வாங்கியிருந்தார். அரபுத்தமிழ் எழுத அவருக்கும் தெரியாது. 'மாமி' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பூட்டியாரின் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தார். அதன் கீழே பூட்டனாரின் பெயர். அதன் கீழே பினாங்கு மனைவியின் பெயர். அதை எப்படி எழுத்துக்கூட்டுவது என்று முந்தின நாள் என்னிடம் ஆள் அனுப்பிக் கேட்டிருந்தார்.

லெப்பை பட்டியலைப் படித்துக்கொண்டே வந்தார். பல ஆண்டுகளாக ஓதுபவர். பெயர்கள் அவருக்கு மனப்பாடம். புதிய பெயர் வந்ததும் நிறுத்தி, நானாவை நிமிர்ந்து பார்த்தார்.

"இவர்கள் யார்?"

"இந்த வீட்டுக்காரம்மா" என்றார் நானா.

லெப்பை அந்தப் பெயரை மீண்டும் ஒரு முறை சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குச் சென்றார்.